பாட்டு வாத்தியார் கண்டுபிடித்த கோள்: யார் இந்த வில்லியம் ஹெர்ஷல்?

2009 ஜூலை 19, இரவு நேரம். ஆஸ்திரேலியாவில் முரம்பேட்மேன் என்ற சின்ன ஊர். அந்தோணி வெஸ்லி என்ற கம்ப்யூட்டர் புரோகிராமர் தன் சொந்த டெலஸ்கோப்பில் வியாழனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கோளின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. முந்தைய படங்களில் அது இல்லை. வியாழனின் நிலவா, நிலவின் நிழலா என்று யோசித்தார். இரண்டுக்கும் அது பொருந்தாத இடம். தனக்குத் தெரிந்த விஞ்ஞானிகளுக்கு உடனே மின்னஞ்சல் அனுப்பினார். ஹவாய் தீவில் இருக்கும் நாசாவின் பெரிய தொலைநோக்கி வியாழன் பக்கம் திரும்பியது. வியாழன் மீது ஏதோ ஒன்று மோதியிருந்தது. அது உண்டாக்கிய காயத்தைத்தான் வெஸ்லி பார்த்திருக்கிறார்.

கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஆய்வகங்கள் இருக்கும்போது, வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி வானம் பார்க்கும் ஒருவர் கண்ணில் இது எப்படி முதலில் பட்டது? இந்தக் கேள்விக்கான பதில் 245 வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பாட்டு வாத்தியாரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். அப்போது அவர் வானியலாளரே இல்லை என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

போரிலிருந்து தப்பி வந்த பையன்

1738 நவம்பர் 15-ல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தவர். அப்பா ஐசக், ராணுவ பேண்டில் ஓபோ வாசித்தவர். நம் நாகஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம் அது. பையனும் பதினான்கு வயதிலேயே அதே பேண்டில் சேர்ந்துவிட்டான். 1757-ல் பிரெஞ்சுப் படை ஹனோவரை நெருங்கியது. வாத்தியம் வாசிக்கிறவனுக்குப் போர்க்களத்தில் என்ன வேலை என்று அப்பாவே மகனை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார்.

கையில் காசு இல்லை, ஆங்கிலமும் சரியாக வராது. லண்டனில் இசைக்குறிப்புகளைப் பிரதியெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். பிறகு வட இங்கிலாந்தில் ஊர் ஊராக அலைந்து வாசித்தார், இசை அமைத்தார். அவர் எழுதிய சிம்பொனிகள் மட்டும் இருபதுக்கு மேல். 1766-ல் பாத் நகரத்துக்கு வந்தார். வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போன ஊர், பணக்காரர்கள் ஓய்வெடுக்க வரும் இடம். அங்கே ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு, மாலையில் கச்சேரி என்று வருமானம் நன்றாகவே வந்தது. சில வாரங்களில் முப்பது வகுப்புகளுக்கு மேல் எடுத்திருக்கிறார்.

இந்த மனிதருக்கு வானம் பக்கம் எப்படிப் பார்வை போனது? புத்தகம் வழியாகத்தான். இசையின் கணக்கைப் புரிந்துகொள்ள ராபர்ட் ஸ்மித் என்பவர் எழுதிய நூலைப் படித்தார். அதே ஸ்மித் ஒளியியல் பற்றியும் எழுதியிருந்தார், அதையும் வாங்கினார். டெலஸ்கோப் எப்படிச் செய்வது என்பது அதில் இருந்தது. முடிந்தது கதை. 1773-ல் அவருக்கு வயது 34. அந்த வயதில் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்தால் என்ன ஆகும் என்று அவருடைய தங்கையைத்தான் கேட்க வேண்டும்.

வீடே பட்டறை

தங்கை பெயர் கரோலின். 1772-ல் ஹனோவரிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் நான்கேகால் அடிக்கு மேல் வளரவில்லை. இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது, வீட்டு வேலைதான் கதி என்று குடும்பம் முடிவு கட்டியிருந்தது. அண்ணன் அவருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். சில ஆண்டுகளிலேயே ஹாண்டலின் இசை நிகழ்ச்சிகளில் முதன்மைப் பாடகியாக மேடையேறினார். பர்மிங்ஹாமில் பாட அழைப்பு வந்தபோது, அண்ணன் நடத்தும் நிகழ்ச்சியில் மட்டும்தான் பாடுவேன் என்று மறுத்துவிட்டார். அந்த அண்ணனோ வீட்டின் ஒவ்வோர் அறையையும் பட்டறையாக மாற்றிக்கொண்டிருந்தார்.

நல்ல டெலஸ்கோப்பைக் கடையில் வாங்க ஹெர்ஷலிடம் காசு போதவில்லை. லென்ஸ் வைத்த கருவி என்றால் குழாயின் நீளம் கட்டுப்படியாகாது. எனவே குழியாடி வைத்த கருவி. அப்போதைய குழியாடி கண்ணாடியால் ஆனதல்ல. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்து, நாள் கணக்கில் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். தேய்ப்பதை நடுவில் நிறுத்தினால் வளைவு கெட்டுப்போகும் என்று அவர் நம்பினார். ஒரு முறை பதினாறு மணி நேரம் கையை எடுக்கவே இல்லை. கரோலின் சாப்பாட்டை ஊட்டிவிட்டார், பக்கத்தில் உட்கார்ந்து அரபுக் கதைகள் படித்துக் காட்டினார். கச்சேரிக்குப் போட்ட லேஸ் வைத்த சட்டையைக் கூட மாற்றாமல் அண்ணன் பட்டறைக்கு ஓட, கை மடிப்பு கிழியும், தார் ஒட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அச்சு வார்க்கப் பயன்பட்டது குதிரை லத்தி. அதை உரலில் இடித்துச் சல்லடையில் சலிக்கும் வேலையும் முதன்மைப் பாடகி தலையில்தான் விழுந்தது. 1781 ஆகஸ்டில் வீட்டின் அடித்தளத்தில் மூன்றடி அகலக் குழியாடி ஒன்றை வார்க்கப் பார்த்தார்கள். உலை ஒழுகி, உருகிய உலோகம் கல் தரையில் ஓடியது. சூட்டில் தரைக் கற்கள் வெடித்துக் கூரை வரை பறந்தன. ஹெர்ஷலும் அவர் தம்பியும் வேலையாட்களும் ஆளுக்கொரு கதவு வழியாக ஓடித் தப்பித்தார்கள்.

அது தோல்வி. ஆனால் அதற்குள் சின்னக் குழியாடி ஒன்று தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு

1781 மார்ச் 13. பாத் நகரம், நியூ கிங் தெரு, 19-ம் எண் வீடு. பின்புறத் தோட்டத்தில் ஏழடி நீள டெலஸ்கோப். அதன் குழியாடியின் அகலம் 6.2 அங்குலம்தான். இன்று பொழுதுபோக்குக்கு வானம் பார்ப்பவர்கள் வைத்திருக்கும் கருவிகளில் இது நடுத்தர அளவு.

அவர் அன்று கோள் எதையும் தேடவில்லை. வானத்தில் கொஞ்சம் பிரகாசமாகத் தெரியும் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது ஒற்றை, எது இரட்டை என்று குறித்துக்கொண்டிருந்தார். இரவு பத்து மணிக்கு மேல், ரிஷபமும் மிதுனமும் சேரும் எல்லையில் ஒரு நட்சத்திரம் சற்றே பருமனாகத் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம், விஷயமே இதில்தான் இருக்கிறது. நட்சத்திரங்கள் மிக மிகத் தொலைவில் இருப்பதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிதான். கோள் அப்படி அல்ல. உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அதன் வட்டமும் பெரிதாகும். ஹெர்ஷல் முதலில் பார்த்தது 227 மடங்கில். சந்தேகம் வந்ததும் கண்ணருகே வைக்கும் லென்ஸை மாற்றி 460, பிறகு 932 மடங்கு வரை போனார். பக்கத்து நட்சத்திரங்கள் கணக்குக்குத் தக்கபடி வளரவில்லை, இது வளர்ந்தது. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் இடமும் நகர்ந்திருந்தது. நட்சத்திரம் இல்லை என்பது உறுதியானது.

வால்நட்சத்திரம் என்று முடிவு செய்தார். அது தப்பு. ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகியவை மனிதன் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கிய காலத்திலிருந்தே தெரிந்தவை. புதிதாக ஒரு கோள் இருக்கலாம் என்ற எண்ணமே பெரும்பாலும் யாருக்கும் கிடையாது.

அதிர்ஷ்டம்தானே?

அன்றைக்கே பலர் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அது ஹெர்ஷலை உறுத்தியது. வானத்தை நட்சத்திரம் நட்சத்திரமாக முறைப்படி பார்த்து வந்ததால், அந்த இரவு அதன் முறை வந்தது என்பதே அவர் வாதம். நம் கையில் இருக்கும் தரவுகளும் அவர் பக்கம்தான்.

யுரேனஸை அதற்கு முன் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கிரீனிச் ஆய்வகத்தின் முதல் அரச வானியலாளர் ஜான் பிளாம்ஸ்டீட், 1690-ல் அதைப் பார்த்து, ரிஷப மண்டலத்தின் 34-ம் நட்சத்திரம் என்று பட்டியலில் எழுதினார். பிரான்ஸின் பியர் லெமோனியே சுமார் பன்னிரண்டு முறை பார்த்தார். 1769 ஜனவரியில் அடுத்தடுத்த இரவுகளில் கூடக் குறித்தார். இருவரும் கைதேர்ந்த தொழில்முறை வானியலாளர்கள். இருவருக்கும் அது நட்சத்திரமாகவே பட்டது.

ஏன்? அவர்களுடைய வேலை வேறு. அரசு ஆய்வகங்களின் முதல் கடமை கப்பல்களுக்கு வழிகாட்டுவது. நட்சத்திரங்களும் நிலவும் எந்த நொடியில் எங்கே இருக்கின்றன என்று அளக்க வேண்டும். அதற்கேற்ற கருவிகள்தான் அங்கே இருந்தன. ஒரு நட்சத்திரம் புள்ளியா வட்டமா என்று உற்றுப் பார்க்க அவற்றுக்குத் திறனும் இல்லை, அதைச் செய்யச் சொல்லி யாரும் சம்பளமும் கொடுக்கவில்லை. ஹெர்ஷலுக்கு மேலதிகாரி இல்லை, அட்டவணையும் இல்லை. கருவியும் அவரே தன் கண்ணுக்கு ஏற்றபடி செய்தது.

அதற்காக அமெச்சூர் ஜெயித்தார், அரசாங்கம் தோற்றது என்று இதைச் சினிமாக் கதையாக்கிவிடக் கூடாது. ஹெர்ஷல் பார்த்தார், அவ்வளவுதான். அது என்ன என்பதைச் சொன்னவர்கள் தொழில்முறை ஆட்கள். செய்தி கிடைத்ததும் அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின் அதைத் தேடிப் பிடித்து, கோளாகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்தை முதலில் எழுப்பினார். ரஷ்யாவில் பணியாற்றிய ஆண்டர்ஸ் லெக்செல் பாதையைக் கணக்கிட்டார். வால்நட்சத்திரம் மாதிரி நீண்ட பாதை இல்லை, ஏறக்குறைய வட்டம். சூரியனிலிருந்து தூரம், பூமியின் தூரத்தைப் போல் சுமார் 19 மடங்கு. சனியின் தூரம் ஒன்பதரை மடங்குதான். ஒரே அடியில் சூரியக் குடும்பத்தின் எல்லை இரண்டு மடங்கானது. பிளாம்ஸ்டீடும் லெமோனியேவும் தெரியாமல் எழுதிவைத்த பழைய குறிப்புகளும் வீண் போகவில்லை. யுரேனஸின் பாதையைச் சரிபார்க்க அவை உதவின. அந்தப் பாதையில் இருந்த இடறலைக் கணக்கிட்டுத்தான் 1846-ல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது.

நம்ப மறுத்தவர்கள்

கோள் உறுதியானது, ஆனால் ஆள் மீது நம்பிக்கை வரவில்லை. ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்கள் தன்னிடம் இருப்பதாக ஹெர்ஷல் எழுதியதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. பாத் நகரத்து ஆர்கன்காரர், அவரே வீட்டில் செய்த கருவி, அதில் இத்தனை மடங்கா?

அவர் பொருட்படுத்தத் தக்கவர் என்று அறிவியல் உலகம் தெரிந்துகொண்டதே தற்செயலாகத்தான். 1779 டிசம்பரில் ஓர் இரவு, வீட்டுக்கு முன்னால் தெருவில் டெலஸ்கோப்பை நிறுத்தி நிலவின் மலைகளை அளந்துகொண்டிருந்தார். அந்த வழியாகப் போன வில்லியம் வாட்சன் என்ற மருத்துவர், நானும் பார்க்கலாமா என்று கேட்டார். அந்த நட்பு வழியாகத்தான் ஹெர்ஷலின் கட்டுரைகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தன.

1782-ல் அவரை லண்டனுக்கு வரவழைத்தார்கள். ஏழடி டெலஸ்கோப்பும் கூடவே போனது. கிரீனிச்சில் மாஸ்கலின் முன்னிலையில் அதையும் அங்கிருந்த கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அரசு ஆய்வகத்தில் இருந்த எதைவிடவும் வாத்தியார் வீட்டில் செய்தது தெளிவாகக் காட்டியது. அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் அடங்கியது.

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஹனோவர் வம்சம், ஹெர்ஷலும் ஹனோவர்காரர். புதிய கோளுக்கு ஜார்ஜின் நட்சத்திரம் என்று லத்தீனில் பெயர் வைத்தார் ஹெர்ஷல். வேலை கேட்டு மனு போடுவதிலும் ஆள் கெட்டிக்காரர்தான். இங்கிலாந்துக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்கும் பிடிக்கவில்லை. ஜெர்மனியின் போடே சொன்ன யுரேனஸ் என்பதே நிலைத்தது. 1789-ல் கண்டுபிடித்த ஒரு தனிமத்துக்கு யுரேனியம் என்று பெயர் வந்ததும் இந்தக் கோளால்தான்.

மன்னர் ஆண்டுக்கு 200 பவுண்ட் உதவித்தொகை கொடுத்தார். இசையில் சம்பாதித்ததைவிட இது குறைவு. ஆனாலும் 43 வயதில் வாத்தியத்தை மூடி வைத்துவிட்டு, விண்ட்சர் அரண்மனைக்குப் பக்கத்தில் குடி பெயர்ந்தார். பற்றாக்குறையைச் சரிக்கட்ட டெலஸ்கோப் செய்து விற்றார்.

கரோலின் கொடுத்த விலை

அண்ணன் இசையை விட்டதும் தங்கையின் பாட்டும் நின்றுபோனது. அவரைக் கேட்டு எடுத்த முடிவாகத் தெரியவில்லை. ஹெர்ஷலின் வாழ்க்கைக் கதையில் எனக்கு நெருடலாகவே இருக்கும் இடம் இது.

அதன் பிறகு கரோலினின் இரவுகள் இப்படிப் போயின: அண்ணன் டெலஸ்கோப் அருகே நின்று கத்துவார், தங்கை கடிகாரம் பார்த்து நேரத்தோடு எழுதுவார். பகலில் கணக்குப் போட்டு, சுத்தப் பிரதி எடுப்பார். 1783-ன் கடைசி இரவு, பனி மூடிய தரையில் இருட்டில் ஓடியபோது கருவியின் இரும்புக் கொக்கி ஒன்று அவருடைய முழங்காலுக்கு மேலே குத்தி மாட்டிக்கொண்டது. தூக்கி விடுவித்தபோது சதை பிய்ந்து கொக்கியிலேயே நின்றுவிட்டது. காயத்துக்கு அவரே மருந்து போட்டுக்கொண்டார்.

1786-ல் தனியாக ஒரு வால்நட்சத்திரம் கண்டுபிடித்தார். மொத்தம் எட்டு. 1787-ல் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுண்ட் கிடைத்தது. அறிவியல் வேலைக்காக இங்கிலாந்தில் சம்பளம் வாங்கிய முதல் பெண் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

சரியும் தப்பும்

செவ்வாய் ஒரு முறை தன்னைத்தானே சுற்ற எவ்வளவு நேரம் ஆகிறது? ஹெர்ஷலின் கணக்கு 24 மணி 39 நிமிடத்துக்குச் சற்று மேல். இன்றைய கணக்கு 24 மணி 37 நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டே நிமிடம் வித்தியாசம். செவ்வாயின் அச்சு சாய்ந்திருப்பதையும் அளந்து, துருவங்களில் தெரியும் வெள்ளைத் திட்டுகள் பனி என்றும், அவை பருவத்துக்கேற்பக் கூடிக் குறைவதாகவும் எழுதினார். 1787-ல் யுரேனஸின் இரண்டு நிலவுகள், 1789-ல் சனியின் இரண்டு நிலவுகள். 1800-ல் அகச்சிவப்புக் கதிர். அஸ்டராய்ட் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

தப்புகளும் சின்னவை இல்லை. யுரேனஸுக்கு இல்லாத நான்கு நிலவுகளை இருப்பதாக அறிவித்தார். சூரியனுக்குள் குளிர்ந்த தரை உண்டு, அங்கே உயிர்கள் வாழலாம் என்று நம்பினார். மன்னர் சுமார் 4,000 பவுண்ட் கொடுத்துக் கட்டிய நாற்பதடி ராட்சதத் தொலைநோக்கியை, கையாளச் சிரமமாக இருந்ததால் அவரே குறைவாகத்தான் பயன்படுத்தினார்.

ஒரு சுவையான விஷயம்: யுரேனஸைச் சுற்றி வளையம் தெரிவதாக ஒரு கட்டத்தில் குறித்து, பிறகு அவரே அதைத் தள்ளுபடி செய்தார். 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோதுதான் அதற்கு வளையங்கள் இருப்பது உண்மையிலேயே தெரியவந்தது. அந்த மறைப்பைப் பதிவு செய்த இடங்களில் ஒன்று, ஜவ்வாது மலையில் இருக்கும் நம் காவலூர் வானாய்வகம். ஹெர்ஷல் பார்த்தது அந்த வளையம்தானா? வாய்ப்பு மிகவும் குறைவு. அவர் காலத்துக் கருவிகளுக்கு அவ்வளவு மங்கிய வளையம் எட்டாது என்றே பெரும்பாலானவர்கள் கருதுகிறார்கள்.

இன்றைய ஹெர்ஷல்கள்

இப்போது வெஸ்லியிடம் திரும்பி வருவோம். பெரிய தொலைநோக்கியில் ஒரு விஞ்ஞானிக்கு நேரம் கிடைப்பது சில மணிகள்தான். அதற்கும் மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தினமும் ராத்திரி வியாழனையே பார்த்துக்கொண்டிருக்க அங்கே ஆள் கிடையாது. அந்த இடைவெளியை நிரப்புகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கும் அமெச்சூர்கள். 2016-லிருந்து வியாழனைச் சுற்றிவரும் நாசாவின் ஜூனோ விண்கலத்தின் கேமரா எதைப் படம் பிடிக்கலாம் என்று திட்டமிட, இவர்கள் எடுத்த படங்களையும் பயன்படுத்தினார்கள். அமெச்சூர் பார்க்கிறார், தொழில்முறை விஞ்ஞானி சரிபார்க்கிறார். ஹெர்ஷலுக்கும் மாஸ்கலினுக்கும் இடையே நடந்த அதே வேலைப் பிரிவினைதான்.

ஹெர்ஷல் 1822 ஆகஸ்ட் 25-ல், 83 வயதில் காலமானார். கரோலின் ஹனோவருக்கே திரும்பிப் போய், இருவரும் சேர்ந்து பார்த்த சுமார் 2,500 வான்பொருட்களின் பட்டியலை ஒழுங்கு செய்து முடித்தார். 1828-ல் லண்டன் வானியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1848-ல் இறந்தபோது அவருக்கு வயது 97. நியூ கிங் தெரு வீடு இன்று அருங்காட்சியகம். பட்டறையின் தரையில் வெடித்த கற்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

யுரேனஸ் சூரியனை ஒரு முறை சுற்ற 84 ஆண்டுகள் ஆகும். ஹெர்ஷல் பார்த்த அதே இடத்துக்கு அது மூன்றாவது சுற்று முடித்துத் திரும்பி வருவது 2033 வாக்கில். இப்போது அது ரிஷப மண்டலத்தில்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. நகர வெளிச்சம் இல்லாத இடமும், சாதாரண பைனாகுலரும், செல்போனில் ஒரு நட்சத்திர வரைபட செயலியும் இருந்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம். மங்கலான ஒரு புள்ளியாகத்தான் தெரியும். பிளாம்ஸ்டீடுக்கும் அப்படித்தான் தெரிந்தது.